சேமிப்புக்கு யார் காவல்?

சென்னை தி. நகர் உஸ்மான் சாலையில் இருக்கும் பெரிய நகைக்கடை எதற்குள் நுழைந்தாலும், வளையலும் ஆரமும் அடுக்கிய பகுதியைத் தாண்டி, நகைச் சீட்டுக்கென்று தனியாக ஒரு கவுன்டர் இருக்கும். மாதத்தின் முதல் பத்து நாட்களில் கூட்டம் அங்கேதான். ஆட்டோ ஓட்டுபவர், பள்ளி ஆசிரியை, வீட்டு வேலை செய்யும் அம்மாள், ஐடி கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாத பெண் என்று எல்லோரும் பணத்தைக் கட்டி, அட்டையில் பதிந்து வாங்கிப் போகிறார்கள். சிலர் ஆயிரம், சிலர் ஐயாயிரம். இந்த வரிசையைப் பார்த்த எவரும் நம் மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் அறுபது வயதில் சம்பளம் நின்ற பிறகு, பிள்ளைகளின் கையை எதிர்பார்க்காமல், கடன் வாங்காமல், அதே வீட்டில் அதே மாதிரி வாழ முடிகிற குடும்பங்கள் எத்தனை? பொருளாதாரச் சுதந்திரம் என்பதை நான் இந்த அளவில்தான் எடுத்துக்கொள்கிறேன். உழைப்பு நின்றாலும் உலை நிற்காத நிலை. முப்பது வருடம் விடாமல் சேமித்தவர்களுக்கும் அந்த நிலை வாய்க்காமல் போவது ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. சிக்கனம் போதவில்லை என்ற பதிலை நான் ஏற்கவில்லை. மயிலாப்பூர், தி. நகர், மாம்பலம் பக்கத்து நடுத்தரக் குடும்பங்கள் பட்ட சிக்கனத்துக்குக் குறைவே இல்லை. அந்தச் சேமிப்பு யார் கையில் போய்ச் சேர்ந்தது, அந்தக் கைக்கு யார் காவல் இருந்தார்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது.

இது பழைய கதை. 1906 அக்டோபரில் மெட்ராஸின் பெரும் வங்கி நிறுவனமான அர்பத்நாட் அண்ட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரர் நடத்துவது, மூன்று தலைமுறைப் பெயர், ஆகவே பணம் பத்திரம் என்று ஓய்வுபெற்ற அதிகாரிகளும் சிறு ஜமீன்தார்களும் விதவைகளும் அங்கே போட்டு வைத்திருந்தார்கள். நிறுவனத்தை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். பணம் போட்டவர்களில் பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த வழக்குகளில் வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம் பணத்துக்கு நாமே ஒரு வங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முனைந்தார். அப்படித்தான் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி பிறந்தது. சேமிப்பாளர்கள் அடிபட்ட பிறகு ஒரு நிறுவனத்தையே கட்டி எழுப்பிய ஊர் இது. அந்தப் பெருமையோடு பார்த்தால் பின்னால் நடந்தவை இன்னும் வலிக்கின்றன.

வங்கிக்கு முன்பே மெட்ராஸில் நிதிகள் இருந்தன. உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்கி, உறுப்பினர்களுக்கே நகையின் பேரிலும் வீட்டின் பேரிலும் கடன் கொடுப்பது அவற்றின் வேலை. சாஸ்வத நிதி, பெனிஃபிட் ஃபண்ட், பெர்மனன்ட் ஃபண்ட் என்று பல பெயர்கள். மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கியது. கோயில் பக்கம், தெரிந்த முகங்கள், பாட்டி காலத்துப் பாஸ்புத்தகம், வங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டி என்று பல தலைமுறைகள் அதை நம்பின. 2024இல் வட்டியும் அசலும் வரவில்லை என்று டெபாசிட்தாரர்கள் புகார் கொடுத்தார்கள். ஆகஸ்ட் மாதம் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப் பிரிவு கைது செய்தது. 500 கோடி ரூபாய்க்கு மேல் என்று பேசப்பட்ட வழக்கு அது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஓய்வூதியப் பலனை மொத்தமாகப் போட்டு, மாத வட்டியில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

நிதிகள் இப்படிச் சரிவது முதல் தடவையும் அல்ல. 2000ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையின் பெனிஃபிட் ஃபண்டுகள் பல தடுமாறி விழுந்தன. தமிழக அரசின் முன்னாள் தலைமைச் செயலர் பி. சபாநாயகம் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. நிதிகளுக்கான விதிகள் இறுகின. இன்றைய விதிப்படி ஒரு நிதி தன் சொந்த மூலதனத்தைப் போல 20 மடங்குக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. வாங்கிய டெபாசிட்டில் 10 சதவீதத்தையாவது வங்கியிலோ அஞ்சலகத்திலோ தனியாக வைத்திருக்க வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் அதைக் கண்காணிப்பது ரிசர்வ் வங்கி அல்ல, கம்பெனி விவகார அமைச்சகம். வங்கி டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடு நிதி டெபாசிட்டுக்குக் கிடையாது. இரண்டின் டெபாசிட் ரசீதும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இந்த வித்தியாசம் யாருக்கும் உறைப்பதில்லை.

படித்தவர்களே திரும்பத் திரும்ப இதில் விழுவதை வெறும் பேராசை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. 1986 முதல் 2000 ஜனவரி வரை பொது வருங்கால வைப்பு நிதியான பிபிஎஃப் ஆண்டுக்கு 12 சதவீதம் தந்தது. அரசாங்கமே 12 கொடுத்த காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு, போட்ட பணம் ஆறு வருடத்தில் இரட்டிப்பாகும் என்பது சூரியன் கிழக்கில் உதிக்கிற மாதிரி இயல்பான விஷயம். பிறகு அது 11 ஆகி, 2001இல் 9.5, 2002இல் 9, 2003இல் 8 என்று இறங்கியது. 2020 ஏப்ரலில் 7.1க்கு வந்துவிட்டது. வீட்டுச் செலவும் மருத்துவச் செலவும் இறங்கவில்லை. பழைய வட்டியை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட்டவர், இன்னமும் அந்த வட்டியைக் கொடுக்கிறேன் என்பவரைத் தேடிப் போகிறார். அதில் தவிப்புதான் அதிகம். அந்தத் தவிப்பைத்தான் மோசடிக்காரர்கள் மோப்பம் பிடிக்கிறார்கள்.

1990களில் 24, 30 சதவீதம் என்று நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் செய்த ஃபைனான்ஸ் கம்பெனிகள் சென்னையில் ஒவ்வொன்றாக மூடின. தேக்கு மரத்தைக் காட்டிப் பணம் திரட்டிய அனுபவ் 1998இல் சரிந்தது. ஃபைனான்ஸ் கம்பெனிகள் மூடியதால்தான் தமிழ்நாடு 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணத்தைத் திருப்பித் தர வழிசெய்யும் சட்டம். மற்ற மாநிலங்களும் இதை ஒட்டிச் சட்டம் செய்தன. ஆனாலும் 2022இல் ஆருத்ரா கோல்டு விவகாரம் வந்தது. 1 லட்சம் போட்டால் மாதம் 30,000 என்ற பேச்சை நம்பி, ஏறக்குறைய 1 லட்சம் பேர் 2,438 கோடி ரூபாய் கொடுத்தார்கள் என்பது வழக்கு. சட்டம் வீடு எரிந்த பிறகு வருகிற தண்ணீர் வண்டி. சொத்தை முடக்கி, தீர்ப்பு வந்து, பங்கு பிரித்துக் கையில் சேர்வதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன. எழுபது வயதுக்காரருக்கு அந்த வருடங்கள் இல்லை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 வயது ஆனவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 சதவீதம். 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் விழும். மாதக் கணக்கில் 20,500. பின்னால் நிற்பது மத்திய அரசு. ஒரு நிதி 10 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய்தான் வித்தியாசம், மாதத்துக்கு 1,500. அந்த 1,500க்காக 10 லட்சத்தையும் பணயம் வைக்கிறோம் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் மயிலாப்பூரில் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். இந்தத் திட்டத்துக்கு விளம்பரம் இல்லை, வீட்டுக்கு வந்து காபி குடித்துப் பேசும் ஆளும் இல்லை. அதுதான் அதன் குறை.

சீட்டு வேறு ரகம். அதை மோசடியோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் சீட்டுக்கு அநியாயம் செய்கிறார்கள். வங்கி கதவைத் திறக்காத காலத்தில் சிறு வியாபாரிக்கு மூலதனமும், கல்யாண வீட்டுக்குக் கைப்பணமும் கொடுத்தது சீட்டுதான். ஆர். தியாகராஜன் 1974இல் நண்பர்களோடு தொடங்கிய ஸ்ரீராம் சிட்ஸிலிருந்துதான், லாரி வாங்கக் கடன் கொடுக்கும் மாபெரும் ஸ்ரீராம் குழுமமே வளர்ந்தது. தன் பங்குகளை எல்லாம் ஊழியர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டு எளிமையாக வாழ்பவர் என்று உலகப் பத்திரிகைகள் அவரை எழுதின. எழுத வேண்டிய விஷயம்தான்.

ஏலச் சீட்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 20 பேர், மாதம் 5,000, மொத்தம் 1 லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரம் உள்ளவர் 20,000 தள்ளிக் கேட்டு 80,000 எடுத்துக்கொள்கிறார். தள்ளிய 20,000இல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 15,000 இருபது பேருக்கும் பிரிகிறது. ஆளுக்கு 750. ஆகவே அந்தத் தவணைக்கு 5,000க்குப் பதில் 4,250 கட்டினால் போதும். மாதம் போகப் போகத் தள்ளு குறையும். கடைசிவரை காத்திருந்தவர் கமிஷன் போக 95,000 வாங்குவார். கழிவு சராசரியாக 500 கிடைத்தது என்றால் அவர் கட்டியது 90,000 சொச்சம். ஆண்டுக்கு 6 சதவீதத்தைச் சுற்றி வரும். அதாவது வங்கியின் தொடர் வைப்பான ஆர்டியின் வட்டி. கடனுக்குச் சீட்டு நல்ல வழி, முதலீட்டுக்குச் சுமாரான வழி. சேமிப்பாகவே சேருகிறவர் ஆர்டி வட்டிக்குச் சீட்டுக்காரரின் நாணயத்தையும், முன்னால் எடுத்தவர்கள் ஒழுங்காகக் கட்டுவார்களா என்ற அபாயத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்.

1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டு நிறுவனம் ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவாளரிடம் ஈடு கட்டியாக வேண்டும். கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு. 5 சதவீதமாக இருந்ததை 2019 திருத்தம் 7 ஆக்கியது. தெருவில், அலுவலகத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில் பழக்கத்தின் பேரில் நடக்கும் சீட்டுக்கும் தீபாவளிச் சீட்டுக்கும் இந்த ஈடு எதுவும் இல்லை. நடத்துகிறவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் வீட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

இனி தங்கம். தி. நகரைப் பற்றி எழுதிவிட்டுத் தங்கத்தை விட்டுவிட முடியாது. பெண்களுக்கு வங்கிக் கணக்கே இல்லாத காலத்தில் அவர்கள் பெயரில் என்று இருந்த ஒரே சொத்து கழுத்திலும் காதிலும்தான் இருந்தது. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் அடகுக் கடையில் காசாகிற பொருள் அது. ஆகவே தங்கம் வாங்காதே என்று போதிக்க நான் தயாராக இல்லை. எந்த வடிவில் வாங்குகிறோம் என்பதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பில்லை எடுத்துப் பாருங்கள். 100 ரூபாய்த் தங்கத்துக்குச் சேதாரம், செய்கூலி சேர்த்து 15 சதவீதம் என்றால் 115. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. 118 ரூபாய் 45 காசு. அதே நகையை அதே மாலையில் விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை. வைரமோ கல்லோ பதித்த வேலைப்பாட்டு நகை என்றால் இழப்பு இன்னும் கூடும். கட்டிய பணத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கடை வாசலைத் தாண்டும் முன்பே போய்விடுகிறது. போட்டு அழகு பார்க்க வாங்குவதானால் அது நியாயமான விலை. நகை செய்வது ஒரு கலை, ஆசாரியின் உழைப்புக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மகள் கல்யாணத்துக்குச் சேமிப்பு என்ற பெயரில் பத்து வருடம் முன்பே நகையாக வாங்கி லாக்கரில் வைத்து, பிறகு பழைய மாடல் என்று அழித்துச் செய்யும்போது சேதாரத்தை இரண்டு தடவை கொடுக்கிறோம்.

நகைச் சீட்டில் சேதாரம் தள்ளுபடி உண்டு. நகை வாங்குவது உறுதி என்றால் அது உண்மையான லாபம். சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் பொருளாகக் கொடுக்காவிட்டால், அது டெபாசிட் என்று கணக்காகி, டெபாசிட்டுக்கான கட்டுப்பாடுகள் எல்லாம் வந்துவிடும். 2014ஆம் ஆண்டு விதி அப்படிச் சொல்கிறது. ஆகவே கவுன்டரில் நாம் கட்டுவது டெபாசிட் அல்ல, முன்பணம். கடை நொடித்தால் நாமும் வரிசையில் நிற்கும் கடன் கொடுத்தவர்களில் ஒருவர். 2023இல் பிரணவ் ஜுவல்லர்ஸ் கிளைகள் பூட்டிக் கிடந்தபோது தமிழ்நாட்டின் பல ஊர்களில் சீட்டுக் கட்டியவர்கள் அதைத்தான் கண்டார்கள்.

தங்கத்தின் விலை ஏற்றம் மட்டுமே வேண்டும் என்பவருக்கு 2015 நவம்பரில் அரசு தங்கப் பத்திரம் வெளியிட்டது. முதல் பத்திரத்தின் விலை கிராம் 2,684 ரூபாய். எட்டு வருடம் கழித்து 2023 நவம்பரில் அதற்கு 6,132 ரூபாய் கிடைத்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 11 சதவீத வளர்ச்சி, அதன் மேல் வட்டி, சேதாரம் இல்லை, லாக்கர் இல்லை. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை. இப்போது பங்குச் சந்தையில் வாங்கும் தங்க ஃபண்டான இடிஎஃப் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012 முதல் 2018 வரை தங்கம் ஏறக்குறைய அதே விலையில் கிடந்தது. கடந்த சில வருட ஏற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு இருக்கிற பணத்தை எல்லாம் அதில் போடுகிறவர்கள் அந்த ஆறு வருடத்தை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். குடியிருக்க ஒரு வீடு நிம்மதி, அதற்கு விலை போட முடியாது. இரண்டாவது வீடு முதலீடு என்றால் கணக்கு வேறு. தி. நகரில் ஒரு ஃபிளாட்டின் வருட வாடகை பெரும்பாலும் அதன் விலையில் 3 சதவீதத்தைத் தொடுவதில்லை. பழைய ஃபிளாட்டுகளின் மதிப்பு அடிமனையில் இருக்கும் பிரிக்கப்படாத பங்கான யுடிஎஸ்ஸில்தான். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம். ஒருவர் முரண்டு பிடித்து எல்லோரும் காத்திருந்த நிலை இதனால் மாறலாம். ஆனாலும் மாமியாருக்கு ஆபரேஷன் என்றால் ஒரு படுக்கையறையை மட்டும் விற்க முடியாது.

பங்குச் சந்தை என்றால் சூதாட்டம் என்று சொன்ன ஊர்தான் மியூச்சுவல் ஃபண்டுக்கு வழிகாட்டியது என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவின் முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்டான கோத்தாரி பயனியர் 1993இல் சென்னையிலிருந்துதான் தொடங்கியது. நாடு முழுவதும் மியூச்சுவல் ஃபண்ட் சொத்தில் பெரும்பங்குக்கான கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனமும் சென்னையைச் சேர்ந்தது. தமிழில் சோம. வள்ளியப்பனின் ‘அள்ள அள்ளப் பணம்’ நூல் வரிசையும் 2005இல் வந்த நாணயம் விகடன் இதழும் இந்தப் பேச்சைச் சமையலறை வரை கொண்டுவந்தன. ஐஐடி மெட்ராஸின் பேராசிரியர் பட்டாபிராமன், ஒரு சாதாரண முதலீட்டாளர் தானே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குத் தாள்களை இலவசமாகக் கொடுத்துவருகிறார். ஏஜென்டின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருந்த நிலைமையை இவர்கள் மாற்றினார்கள். இதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்டில் வருமானத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கட்டமைப்பு. முதலீட்டை முடிவு செய்கிறவர் ஒருவர், பங்குகளைக் காவல் காக்கும் கஸ்டோடியன் இன்னொருவர், முதலீட்டாளருக்காகக் கேள்வி கேட்க அறங்காவலர்கள், எல்லோருக்கும் மேலே சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி. நிர்வாகி நினைத்தாலும் பணத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. விலை இறங்கலாம், இறங்கும். 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது ஏறக்குறைய 25,000 கோடி ரூபாய் முடங்கியது, முதலீட்டாளர்கள் பதறினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்டிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டு, பணம் படிப்படியாகத் திரும்ப வந்தது. நிறுவனம் தவறினாலும் சொத்து தனியாக இருந்ததுதான் காரணம். நிதி டெபாசிட்டில் அப்படி ஒரு சுவர் இல்லை.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைக்க வேண்டும். மாதத் தவணை முதலீடான எஸ்ஐபியில் 5,000 ரூபாய், 20 வருடம், 10 சதவீதம் என்றால் கையில் 38 லட்சம். விளம்பரம் இங்கே நின்றுவிடும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 38 லட்சத்தின் மதிப்பு இன்றைய காசில் 12 லட்சத்துக்குள்தான். கட்டிய 12 லட்சத்தின் வாங்கும் சக்தியைக் காப்பாற்றவே இத்தனை பாடு. பின்னால் கட்டிய தவணைகள் தேய்ந்த ரூபாயில் கட்டியவை என்பதால் உண்மையில் கொஞ்சம் லாபம் உண்டு, ஆனால் கோடீஸ்வரக் கனவுக்கு இடமில்லை. சம்பளம் ஏறும்போதெல்லாம் தவணையையும் ஏற்றுகிறவர்களுக்குத்தான் தொகை சேரும். கமிஷனையும் கவனியுங்கள். 2013 முதல் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் இருக்கிறது. ஒரு சதவீதம் குறைந்து 9 கிடைத்தாலே அந்த 38 லட்சம் 33 லட்சமாகிவிடும்.

எவ்வளவு இருந்தால் போதும்? 1994இல் அமெரிக்க ஆலோசகர் வில்லியம் பெங்கன் போட்ட கணக்கிலிருந்து, வருடச் செலவைப் போல 25 மடங்கு என்ற விதி உலகமெல்லாம் பரவியது. அது அமெரிக்க விலைவாசிக்கு, அமெரிக்கச் சந்தைக்கு, 30 வருட ஓய்வுக்குப் போட்டது. விலைவாசி வேகமாக ஏறும் நம் நாட்டில் 30, 35 மடங்கு என்று வைப்பதுதான் புத்திசாலித்தனம். மாதம் 50,000 செலவு செய்யும் குடும்பத்துக்கு 30 மடங்கு என்றால் 1 கோடியே 80 லட்சம். தலை சுற்றும் தொகை. அதனால்தான் சுதந்திரத்தைப் படிப்படியாகப் பார்க்கச் சொல்கிறேன். கந்து வட்டியும் கிரெடிட் கார்டு நிலுவையும் இல்லாதது முதல் படி. கார்டு நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42. அதைக் கட்டிக்கொண்டே 10 சதவீத முதலீட்டில் போடுவது வீண். ஆறு மாதச் செலவு வங்கியில் இருப்பது அடுத்தது. பிறகு மருத்துவக் காப்பீடும், சம்பாதிப்பவர் பேரில் டேர்ம் காப்பீடும். தனிநபர் காப்பீடு இரண்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. பணம் திரும்பி வரும் பாலிசி என்று சேமிப்பையும் காப்பீட்டையும் குழைத்துக் கொடுப்பதில் இரண்டும் அரைகுறையாகிவிடுகிறது.

அன்றாடச் சிக்கனம் பற்றிய அறிவுரைகளில் பாதி காபியையும் சினிமாவையும் குறிவைக்கின்றன. அவற்றைக் குறைத்து யாரும் பெரிதாகச் சேர்த்ததில்லை, சிரிப்பைத்தான் இழந்திருக்கிறார்கள். பெரிய தொகைகள் வாடகை, பள்ளிக் கட்டணம், வண்டிக் கடன், கல்யாணம் ஆகிய நாலைந்து முடிவுகளில் இருக்கின்றன. ஒரு நாள் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுப்பது, பெண்ணும் பிள்ளையும் ஐந்து வருடம் சேமிக்கக்கூடிய பணம். ஆடித் தள்ளுபடி வேறு ஒரு சோதனை. தேவையான பாத்திரத்தையும் பள்ளிச் சீருடையையும் ரங்கநாதன் தெருவில் வாங்குவது உண்மையான மிச்சம். 40 சதவீதத் தள்ளுபடியில் தேவையில்லாத பட்டுப்புடவை வாங்குவது 60 சதவீதச் செலவு. இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. பழைய வரி முறையில் 80சி சலுகைக்காகவாவது பிபிஎஃபில் போட்டோம். புதிய வரி முறையில் அந்த நெருக்கடி இல்லை. இனிமேல் சேமிப்பது முழுக்க நம் மனசைப் பொறுத்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் கையில் கொஞ்சம் மிஞ்சுகிறவர்களுக்கு. தி. நகரை நடத்துவது இன்னொரு கூட்டம். திருநெல்வேலி, தூத்துக்குடி, விழுப்புரம் பக்கமிருந்து வந்து, ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று புடவையை விரித்துக் காட்டும் பெண்கள். அவர்கள் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று சொல்லவே 2021இல் சட்டம் திருத்த வேண்டி வந்தது. கடை ஊழியர் உட்காரும் உரிமையைக் கேரளத்துக்கு அடுத்துச் சட்டமாக்கிய மாநிலம் தமிழ்நாடு. இவர்களிடம் 30 மடங்கு விதியைப் பேசுவது கொடுமை. இவர்களுக்குப் பொருளாதாரச் சுதந்திரத்தின் பெரும்பகுதி அரசிடமும் முதலாளியிடமும் இருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 800 ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். இலவசம் என்று இவற்றை இளக்காரமாகப் பேசுகிறவர்கள், அஞ்சலக ஆர்டிக்கு மாதம் 500 ரூபாய் எடுத்து வைப்பது எந்தப் பணத்திலிருந்து என்று யோசிக்க வேண்டும். அந்தத் தவணையைக் கடைக்கே வந்து வாங்கிப் போகும் மகளிர் முகவர் திட்டம் 1970களிலிருந்து நடக்கிறது. மாநிலத்தின் மிகச் சிறிய சேமிப்புகளுக்கு அரசு உத்தரவாதம் கிடைத்தது அந்த முகவர்களால்தான்.

அந்தப் பெண்களுக்கு இன்னும் பெரிய சேமிப்பு ஒன்று சட்டப்படி இருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், 15,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்குத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியான பிஎஃப் கட்டாயம். ஊழியர் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12. பத்தாயிரம் அடிப்படைச் சம்பளத்துக்கு மாதம் 2,400 ரூபாய். அதில் முதலாளி பங்கிலிருந்து ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகும். மீதிக்கு 2024–25இல் 8.25 சதவீத வட்டி. எந்த நகைச் சீட்டும் எந்த நிதியும் இதற்குப் பக்கத்தில் வராது. ஊழியரைப் பதிவேட்டில் காட்டாமல் விடும் கடைகளில் இந்தப் பணம் பிறப்பதே இல்லை. ஊருக்குத் திரும்பும்போது கணக்கை முடித்து எடுத்துவிடுகிறவர்களும் அதிகம். ஒருவருக்கு ஒரே எண் என்ற யுஏஎன் வந்த பிறகு வேலை மாறினாலும் கணக்கு கூடவே வரும், மூட வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த மாதமே எண்ணைக் கேட்டு வாங்கி, செல்போனில் பாஸ்புத்தகத்தைத் திறந்து, முதலாளி தன் பங்கைக் கட்டியிருக்கிறாரா என்று பார்க்கலாம். கட்டவில்லை என்றால் ராயப்பேட்டையில் இருக்கும் பிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தொழிற்சங்கம் இல்லாத கடைத்தெருவில் தனியாக ஒரு பெண் அந்தப் புகாரைக் கொடுப்பது சுலபம் அல்ல. ஒரே கடையில் வேலை செய்கிற பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் நடக்கும்.